பைபாஸுக்குப் பின் மீண்டும் நெஞ்சுவலி: சுருங்கும் ஒட்டுக்குழாய்களை அறிந்துகொள்வோம்

பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்து வருபவர்களின் மனத்தில் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிடுகிறது. “நெஞ்சைத் திறந்தே சரிசெய்துவிட்டார்கள், இனி அங்கே என்ன வரப்போகிறது?” என்பதே அது. அறுவைக்குப் பின் மனத்தெம்பு தேவைதான். ஆனால் இந்த நம்பிக்கையின் காரணமாகவே பலர், நெஞ்சில் மீண்டும் தோன்றும் இறுக்கத்தை வாயுத் தொல்லை என்றும், உணவு செரிக்காமை என்றும், வயதின் தளர்ச்சி என்றும் எண்ணி நாட்களைக் கடத்துகின்றனர். சித்தையன்கோட்டை, ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் இதயப் பிரிவுக்கு வரும் நோயாளிகளிடமும் இதை அடிக்கடி காண்கிறோம்.

இக்கட்டுரை உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி ஒன்றே. பைபாஸ் செய்துகொண்ட ஒருவருக்கு நெஞ்சுவலி புதிதாகத் தோன்றினாலோ, பழைய வலியின் போக்கு மாறினாலோ, அது இதயத்தின் வலி அன்று என மருத்துவர் உறுதிசெய்யும்வரை அதை இதய வலியாகவே கருத வேண்டும். ஏன் அவ்வாறு கருத வேண்டும், அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், அந்நிலை வராமல் எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைபாஸ் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களுக்கு இதயத் தமனிகள் என்று பெயர். அவற்றின் உட்சுவரில் கொழுப்பும் பிற பொருள்களும் படிந்து வழி குறுகும்போது, உழைக்கும் தசைக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. அந்தப் பற்றாக்குறையே நெஞ்சுவலியாக வெளிப்படுகிறது. பைபாஸ் அறுவையில், உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த இரத்தக்குழாயை அடைப்புக்கு அப்பால் இணைத்து, இரத்தம் செல்லப் புதிய வழி அமைக்கிறோம். மருத்துவர்கள் ‘கிராஃப்ட்’ எனக் குறிப்பிடும் அக்குழாயையே இக்கட்டுரையில் ஒட்டுக்குழாய் என்கிறோம்.

திண்டுக்கல் நகருக்குள் நெரிசல் மிகுந்தபோது புறவழிச்சாலை போட்டார்கள். வண்டிகள் தடையின்றிச் சென்றன. ஆனால் நகருக்குள் இருக்கும் பழைய சாலை அகலமாகிவிடவில்லை. பைபாஸும் அப்படித்தான். பழைய தமனியில் உள்ள அடைப்பை அது அகற்றுவதில்லை. அடைப்பை உண்டாக்கிய நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகைக் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் அது மாற்றுவதில்லை. அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளிலிருந்து அதே காரணங்கள் புதிய வழியின் மீதும் வேலை செய்யத் தொடங்குகின்றன.

காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இதயத்தமனி பைபாஸ் செய்யும் முறையை 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டு நகரில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரெனே ஃபாவலோரோ நிலைநிறுத்தினார். அதற்குப் பின் 8 ஆண்டுகளில், 1975-இல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத்தமனி பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று இது நம் மாநிலத்தின் பல நகரங்களில் நாள்தோறும் நடைபெறும் சிகிச்சை. அறுவைக்குப் பின் 10, 15, 20 ஆண்டுகளைக் கடந்தவர்கள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களோடு அவர்களின் ஒட்டுக்குழாய்களுக்கும் வயதாகிறது.

சிரையும் தமனியும் ஒன்றல்ல

ஒட்டுக்குழாய்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மார்பெலும்பின் உட்புறமாக ஓடும் தமனி. மருத்துவ ஏடுகளில் இதை ‘லிமா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது, காலிலிருந்து எடுக்கும் நீண்ட சிரை. சிலருக்கு முன்கையின் ரேடியல் தமனியையும் பயன்படுத்துவது உண்டு.

தமனி பிறவியிலேயே உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும்படி அமைந்தது. சிரையின் சுவரோ மெல்லியது. குறைந்த அழுத்தத்தில் இரத்தத்தைத் திருப்பி அனுப்புவதே அதன் இயல்பான பணி. அச்சிரையை எடுத்து இதயத்தில் இணைத்தவுடன், ஒவ்வொரு துடிப்பின் முழு வேகத்தையும் அது தாங்கவேண்டியிருக்கிறது. வயலுக்குள் ஓடிய சிறு வாய்க்காலில் அணையின் தண்ணீரைத் திறந்துவிட்டது போன்ற நிலை அது. கரை தாங்குவதற்காகச் சிரையின் சுவர் தடிக்கிறது. அந்தத் தடிப்பே பின்னாளில் வழியைக் குறுக்கவும் செய்கிறது.

சிரை ஒட்டுக்குழாயின் பழுது மூன்று காலங்களில் மூன்று வகையாக நிகழ்கிறது. முதல் மாதத்தில், பெரும்பாலும் உள்ளே இரத்தம் உறைவதால் அடைப்பு ஏற்படுகிறது. ஒரு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை, உட்சுவரின் செல்கள் பெருகித் தடிப்பதால் வழி குறுகுகிறது. ஓராண்டுக்குப் பின், பழைய தமனியில் படிந்ததைப் போலவே இதிலும் கொழுப்பு படிகிறது. சிரையில் படியும் இந்தக் கொழுப்பு மென்மையாகவும் எளிதில் உதிரக்கூடியதாகவும் இருக்கும். அது திடீரெனப் பிளந்து, அதன்மேல் இரத்தம் உறையும்போது, நேற்றுவரை நலமாக இருந்தவருக்கு இன்று கடும் வலி வருகிறது.

அளவுகளைக் கூறினால் இது தெளிவாகும். முதல் ஆண்டுக்குள்ளேயே 100 சிரை ஒட்டுக்குழாய்களில் 10 முதல் 20 வரை அடைபட்டுவிடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 10 ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அடைபட்டோ மிகவும் சுருங்கியோ போகின்றன. மார்பின் உட்புறத் தமனியோ 10 ஆண்டுகளுக்குப் பின்னும் 100-க்கு 90-க்கு மேல் திறந்தே இருக்கிறது. இதனால்தான் இதயத்தின் மிக முக்கியமான முன்புறத் தமனிக்கு இந்த ஒட்டுக்குழாயையே இணைக்க அறுவை மருத்துவர்கள் விரும்புகின்றனர்.

இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஓர் ஒட்டுக்குழாய் அடைபட்டவர்கள் அனைவருக்கும் ஆபத்து நேர்வதில்லை. பலருக்குப் பிற குழாய்கள் ஈடுகொடுக்கின்றன. ஆனால் வலி என்னும் அறிவிப்பு வரும்போது அதை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இந்த எண்களே போதிய காரணம்.

நிலையான வலி, நிலையற்ற வலி

இதய வலியில் இரண்டு வகை உண்டு. குறிப்பிட்ட அளவு உழைத்தால் வந்து, ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் அடங்கி, மாதக்கணக்கில் அதே அளவில் இருப்பது நிலையான நெஞ்சுவலி. இதற்கும் மருத்துவம் தேவை. ஆனால் அவசரம் குறைவு. நிலையற்ற நெஞ்சுவலி அப்படியன்று. பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அது நிலையற்ற வலி எனக் கொள்ள வேண்டும்.

1. ஓய்வாக இருக்கும்போதே வருதல். குறிப்பாக 20 நிமிடங்களுக்கு மேல் நீடித்தல்.
2. அண்மைக் காலத்தில் புதிதாகத் தோன்றிச் சிறு வேலைக்கே வருதல்.
3. முன்பிருந்த வலி இப்போது அடிக்கடி வருதல், கூடுதல் நேரம் நீடித்தல், முன்பைவிடக் குறைந்த நடைக்கே வருதல்.
4. உறக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி.

வலி என்ற சொல்லையே பலர் பயன்படுத்துவதில்லை. “நெஞ்சு பாரமாக இருக்கிறது”, “கல்லை வைத்தாற்போல் அழுத்துகிறது”, “தொண்டையைப் பிடிக்கிறது”, “தாடை கடுக்கிறது”, “இடக்கை அசந்துபோகிறது” என்றே சொல்வார்கள். நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், திடீர் வியர்வை, குமட்டல், காரணமற்ற களைப்பு ஆகியவை மட்டும் தோன்றலாம். அவற்றுக்கும் அதே மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

அறுவை முடிந்த முதல் சில மாதங்களில் வேறுவகை வலிகளும் இயல்பாக உண்டு. மார்பெலும்பு கூடும் இடத்தில், இருமும்போதும் புரண்டு படுக்கும்போதும் குத்துவது. மார்புத் தமனி எடுத்த இடப்பக்கத்தில் மரத்தாற்போலவும் எரிவதுபோலவும் இருப்பது. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நோவது ஆகியவை பெரும்பாலும் தசையையும் எலும்பையும் நரம்பையும் சார்ந்தவை. ஆயினும் இதைப் பிரித்தறிவது மருத்துவரின் பணி. வீட்டுத் திண்ணையில் அதற்குத் தீர்ப்புக் கூற வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு

சித்தையன்கோட்டையில் வாழும் 64 வயது விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்வோம். இவர் தனியொரு மனிதர் அல்லர். நாங்கள் பல நோயாளிகளிடம் காண்பவற்றைச் சேர்த்து அமைத்த உருவம். 11 ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மூன்று ஒட்டுக்குழாய்கள் வைத்துப் பைபாஸ் செய்யப்பட்டது. ஒன்று மார்புத் தமனி. மற்ற இரண்டும் கால் சிரைகள். ஐந்தாறு ஆண்டுகள் மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டார். பிறகு, “உடம்புதான் நன்றாக இருக்கிறதே” என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மூன்று வாரங்களாக, தென்னந்தோப்பிலிருந்து வீட்டுக்கு நடந்துவரும் வழியில் நெஞ்சு இறுக, நின்று நின்று வருகிறார். முன்பு நிற்காமல் நடந்த தூரம் அது. சீரகத் தண்ணீர் குடிக்கிறார். கடையில் சோடா வாங்கிக் குடிக்கிறார். ஏப்பம் வந்ததும் வலி அடங்கியதாகத் தோன்றுகிறது. உண்மையில் வலியை அடக்கியது சோடா அன்று. அதைக் குடிக்க அவர் உட்கார்ந்த ஓய்வு. ஓர் இரவு படுத்திருக்கும்போதே வலி வந்து 25 நிமிடங்கள் நீடிக்கிறது. “விடியட்டும், பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்” என்கிறார் அவர். மகள் கேட்கவில்லை. “அப்பா, நெஞ்சு விஷயத்தில் விடியும்வரை பார்க்கக் கூடாது” என்று சொல்லி 108-ஐ அழைக்கிறார்.

ஆஞ்சியோகிராமில் மார்புத் தமனி நன்றாகத் திறந்திருப்பதும், ஒரு சிரை ஒட்டுக்குழாய் நூலிழைபோல் சுருங்கியிருப்பதும் தெரிகின்றன. இதயத் தசை அழிந்ததைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இயல்பாகவே இருக்கிறது. அதாவது தசை பட்டினியால் வாடியிருக்கிறது, இன்னும் மடியவில்லை. நிலையற்ற நெஞ்சுவலிக்கும் மாரடைப்புக்கும் இடையிலான வேறுபாடு இதுவே. இந்த இடைவெளி சில வேளைகளில் நாட்களாகவும் சில வேளைகளில் நிமிடங்களாகவும் இருக்கும். எவ்வளவு என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மகள் அழைத்த அந்த இரவு, அவர் தந்தையின் இதயத் தசையைக் காத்தது.

வலி வந்த நேரத்தில் செய்ய வேண்டியவை

1. செய்துகொண்டிருக்கும் வேலையை உடனே நிறுத்தி உட்காருங்கள் அல்லது சாய்ந்து அமருங்கள். நடக்கவோ மாடிப்படி ஏறவோ வேண்டாம்.

2. மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், நாவுக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை உட்கார்ந்த நிலையில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழ நேரும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் வகை மாத்திரைகளைக் கடந்த 2 நாட்களுக்குள் உட்கொண்டிருந்தால் சார்பிட்ரேட் வைக்கக் கூடாது. அதை மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது.

3. 5 நிமிடங்களில் வலி தீரவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். வலி கடுமையாக இருந்தாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ 5 நிமிடங்களும் காத்திருக்க வேண்டியதில்லை.

4. இருசக்கர வண்டியில் நோயாளியை நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவராதீர்கள். நோயாளி தானே வண்டி ஓட்டியும் வரக்கூடாது. வழியில் இதயத்துடிப்பு தடுமாறினால் ஆம்புலன்ஸில் உதவி உண்டு, வண்டியில் இல்லை.

5. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு ஐயமுள்ளவர்களுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையும் முதல் தவணையாக அங்கேயே கொடுக்கப்படுகின்றன. அங்கே என்ன மாத்திரை, எத்தனை கொடுத்தார்கள் என்ற சீட்டை அடுத்த மருத்துவமனையில் தவறாமல் காட்டுங்கள்.

6. வலி தானாக அடங்கிவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடங்கிய வலி தீர்ந்த வலி அன்று.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

வந்தவுடன் இ.சி.ஜி. எடுக்கப்படும். பைபாஸ் செய்தவரின் இ.சி.ஜி.யில் பழைய மாறுதல்கள் இருப்பது உண்டு. எது பழையது, எது புதியது என்று அறிய உங்களிடமுள்ள பழைய இ.சி.ஜி. தாள் எங்களுக்கு மிகவும் உதவும். அடுத்து ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை. தசை சிதையத் தொடங்கிச் சில மணி நேரத்துக்குப் பிறகே இது உயரும். எனவே முதல் முடிவு இயல்பாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்கிறோம். “ஒருமுறை எடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்கும் உறவினர்களுக்கு இதுவே விடை. இரண்டு முடிவுகளும் இயல்பாக இருந்தாலும் வலியின் தன்மை நிலையற்றதாக இருந்தால் ஆஞ்சியோகிராம் தேவைப்படலாம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இயற்கையான இதயத் தமனிகள் பெருந்தமனியின் அடியில் குறிப்பிட்ட இடத்திலிருந்து தொடங்குகின்றன. அவற்றை எளிதில் கண்டுபிடிக்கலாம். ஒட்டுக்குழாய்களின் வாயோ, அறுவை மருத்துவர் எங்கே தைத்தாரோ அங்கே இருக்கும். மார்புத் தமனி தோள்பட்டைக்குச் செல்லும் தமனியிலிருந்து கிளைக்கிறது; ஆகவே எந்தக் கையின் வழியாக, அல்லது தொடையின் வழியாகக் குழாய் செலுத்துவது என்பதும் அதைப் பொறுத்தே முடிவாகும். எத்தனை ஒட்டுக்குழாய்கள், எதிலிருந்து எதற்கு இணைத்தார்கள் என்ற அறுவைக் குறிப்பு கையில் இருந்தால், நேராக அந்தந்த இடத்துக்குச் செல்லலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நேரம் கூடும், படம் தெரியச் செலுத்தும் சாயமருந்தின் அளவும் கூடும். நீரிழிவாலோ வயதாலோ தளர்ந்த சிறுநீரகங்களுக்கு அந்தக் கூடுதல் சாயமருந்து சுமையாகும். நீங்கள் பெட்டியின் அடியில் வைத்து மறந்துவிட்ட அந்த இரண்டு பக்கத் தாள், அந்த நேரத்தில் ஒரு மருந்துக்குச் சமம்.

சிகிச்சை வழிகள் மூன்று

முதலாவது, மருந்து. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசிகளும் மாத்திரைகளும், இதயத்தின் வேலையைக் குறைக்கும் மாத்திரைகளும், ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மருந்தும் எல்லோருக்கும் உண்டு. சிறிய கிளைக்குழாய் மட்டும் அடைபட்டவர்களுக்கு இதுவே போதுமானதாக அமையலாம்.

இரண்டாவது, ஸ்டென்ட் வைத்தல். “சுருங்கிய ஒட்டுக்குழாயில்தானே ஸ்டென்ட் வைப்பார்கள்?” என்று பலர் கேட்பதுண்டு. முடிந்தவரை நாங்கள் பழைய, இயற்கையான தமனியைத் திறக்கவே முயல்கிறோம். சிரை ஒட்டுக்குழாயில் படிந்திருக்கும் மென்மையான கொழுப்பு, ஸ்டென்ட் விரியும்போது துகள்களாக உதிர்ந்து கீழேயுள்ள நுண்குழாய்களை அடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வேறு வழியில்லாதபோது, துகள்களைப் பிடிக்கும் சிறு வடிகட்டிகளின் துணையோடு ஒட்டுக்குழாயிலேயே வைப்பதும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பில் கிளின்டனுக்கு 2004-இல் நான்கு ஒட்டுக்குழாய்களுடன் பைபாஸ் நடந்தது. 6 ஆண்டுகளுக்குள், 2010 பிப்ரவரியில், நெஞ்சில் அசௌகரியம் தோன்றவே அவருக்கு ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது. ஓர் ஒட்டுக்குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது. மருத்துவர்கள் அதைத் தொடாமல், அதற்குரிய இயற்கைத் தமனியைத் திறந்து இரண்டு ஸ்டென்ட்களை வைத்தனர்.

மூன்றாவது, மீண்டும் பைபாஸ். முதல் அறுவையின் தழும்புத் திசுக்கள் இதயத்தை மார்பெலும்போடு ஒட்டவைத்திருக்கும். நன்றாக வேலை செய்யும் பழைய ஒட்டுக்குழாய் குறுக்கே ஓடக்கூடும். ஆகையால் இரண்டாம் அறுவைக்கு ஆபத்து அதிகம். தேர்ந்தெடுத்தவர்களுக்கே அதைப் பரிந்துரைக்கிறோம். ஆனால் அது இயலாத செயல் அன்று. நம் நாட்டின் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் 1990-இல் இங்கிலாந்தில் பைபாஸ் செய்துகொண்டவர். 19 ஆண்டுகளுக்குப் பின், 2009 ஜனவரியில், ஆஞ்சியோகிராமில் பல அடைப்புகள் காணப்பட்டன. ஜனவரி 24 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் ரமாகாந்த பாண்டா தலைமையிலான குழு, 76 வயதான அவருக்கு ஐந்து புதிய ஒட்டுக்குழாய்களை இணைத்தது. அதே ஆண்டு மே மாதம் அவர் இரண்டாம் முறையாகப் பிரதமர் பொறுப்பை ஏற்று, 2014 மே வரை பணியாற்றினார். 2024 டிசம்பரில், 92-ஆம் வயதில் மறைந்தார். ஒட்டுக்குழாய் பழுதடைவது வாழ்வின் முடிவு அன்று. உரிய நேரத்தில் கண்டறிந்தால் அதற்குப் பின்னும் நீண்ட வாழ்வு உண்டு.

இம்மூன்றில் எது பொருந்தும் என்பதை அடைப்பின் இடம், மார்புத் தமனி திறந்திருக்கிறதா என்பது, இதயத்தின் சுருங்கும் ஆற்றல், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்கிறோம். அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்ததே உங்களுக்கும் பொருந்தும் என்பதில்லை.

ஒட்டுக்குழாயை நாள்தோறும் காப்பது எப்படி?

ஆஸ்பிரின்: ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவரை, இது பைபாஸ் செய்துகொண்டவருக்கு வாழ்நாள் மருந்து. பல் பிடுங்குவதற்கோ கண் அறுவைக்கோ முன் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

ஸ்டாட்டின்: 1997-இல் வெளியான, 1,351 பைபாஸ் நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை வலுவாகக் குறைத்தவர்களிடம் 27 விழுக்காடு ஒட்டுக்குழாய்களிலேயே நோய் முற்றியதாகவும், மிதமாகக் குறைத்தவர்களிடம் அது 39 விழுக்காடாக இருந்ததாகவும் காட்டியது. இன்று நாம் இன்னும் குறைந்த அளவையே நாடுகிறோம்: எல்.டி.எல். 70-க்குக் கீழ், மீண்டும் பாதிப்புக்கு உள்ளானவர்களுக்கு 55-க்குக் கீழ். பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறது என்பது மாத்திரையை நிறுத்தக் காரணம் அன்று. அது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும்: பெரும்பாலானோருக்கு 130/80-க்குக் கீழ் இரத்த அழுத்தமும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7-ஐ ஒட்டியும் இருப்பது நல்லது. முதியவர்களுக்கு இந்த இலக்கு சற்றே தளர்த்தப்படும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிலேயே பெறுபவர்கள், இதய மருந்துச் சீட்டையும் அந்தப் பணியாளரிடம் காட்டுங்கள். ஒரே மருந்தை இருமுறை உட்கொள்வதும் ஒன்றை விட்டுவிடுவதும் இதனால் தவிர்க்கப்படும்.

புகையும் புகையிலையும்: பீடி, சிகரெட், வெற்றிலையோடு மெல்லும் புகையிலை எதுவாயினும் முழுவதுமாக நிறுத்த வேண்டும். குறைத்துக்கொள்வது போதாது.

உணவும் நடையும்: ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பும், ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் பயன்படுத்துவதும் தவிர்க்கத்தக்கவை. பிரியாணியை விருந்து நாளுக்கு மட்டும், சிறிய அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் 30 நிமிட நடை, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் போதும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்ல விரும்புவோர் ஒரு மாதத்துக்கு முன்பே பரிசோதனைக்கு வாருங்கள். ரமலான் நோன்பு நோற்போரும் நோன்பு தொடங்குமுன் வாருங்கள். மருந்துகளை சஹர், இஃப்தார் நேரங்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைப்பது பெரும்பாலானோருக்கு இயலும். நிலையற்ற வலி வந்து சில வாரங்களே ஆனவர்கள் இவ்விரண்டையும் தள்ளிவைப்பதே நல்லது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

வலியை முதலில் உணர்பவர் நோயாளி. ஆனால் மாற்றத்தை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ளவரே. “முன்பு கடைவரை நடப்பார், இப்போது தெருமுனையில் நிற்கிறார்” என்று ஒரு மனைவி சொல்லும் ஒரு வரி, எங்களுக்குப் பல பரிசோதனைகளுக்கு ஈடான செய்தி.

ஆகவே இன்றே ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள். அதில் பைபாஸ் செய்த மருத்துவமனையின் விடுவிப்புக் குறிப்பு, ஒட்டுக்குழாய்களின் விவரம் அடங்கிய அறுவைக் குறிப்பு, கடைசி ஆஞ்சியோகிராம் அறிக்கை, பழைய இ.சி.ஜி. ஒன்று, இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாத மருந்துகளின் பெயர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையின் நகல் ஆகியவை இருக்கட்டும். அறுவைக் குறிப்பு தொலைந்திருந்தால், அறுவை நடந்த மருத்துவமனையின் பதிவறையில் நகல் கேட்டுப் பெறுங்கள். எல்லாத் தாள்களையும் கைபேசியில் படமெடுத்து, திருப்பூரிலோ சென்னையிலோ வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். கோப்பு இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பைபாஸ் செய்துகொண்டவர் இருந்தால், அவர் அறுவை செய்துகொண்ட ஆண்டு எது, எத்தனை ஒட்டுக்குழாய்கள், அவற்றில் எத்தனை சிரை என்னும் மூன்று கேள்விகளை இன்று இரவு உணவின்போது கேட்டுப் பாருங்கள். விடை தெரியவில்லை என்றால், அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது எங்களிடம் கேளுங்கள். சேர்ந்து எழுதி வைப்போம்.